தச்சு தெரியாவிட்டாலும் படகு கட்டலாம், பசை தெரிந்திருந்தால்

கேள்வியின் சாரம் இதுதான்: தச்சு வேலை பழக்கமில்லை. கையில் இருப்பது ஒரு டிரில், ஒரு ஜிக்சா, ஒரு சின்ன இழைப்புளி. பிளைவுட்டும், இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் எபாக்சி என்ற பசையும் வைத்து இரண்டு பேர் போகும் துடுப்புப் படகை வீட்டிலேயே கட்ட முடியுமா? அலமாரிக்கு வாங்குகிற பிளைவுட் போதுமா? எபாக்சிக்குப் பதிலாக மலிவான பாலியஸ்டர் ரெசின் பூசலாமா?

முதல் கேள்விக்கு, தாராளமாக முடியும். மற்ற இரண்டுக்கும், வேண்டாம். காரணம் புரிந்துவிட்டால் வழியில் வரும் சின்னச் சின்னச் சந்தேகங்களை நீங்களே தீர்த்துக்கொள்வீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய முறையில் மரப்படகு கட்டுவது பெரிய வித்தை. ஏராவை (அடிமரம்) நிறுத்தி, வங்குக்கால்களை (விலா எலும்புபோல் வளைந்த சட்டங்கள்) பொருத்தி, பலகையை வளைத்து, இடுக்குகளில் பஞ்சடைத்து நீரைத் தடுக்க வேண்டும். கை பழக வருடங்கள் ஆகும். நீங்கள் செய்யப்போவது அதுவல்ல. தைத்து ஒட்டும் முறை. வரைபடப்படி வெட்டிய தட்டைப் பலகைகளின் ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டினால், வெட்டிய துணி சட்டையாவதுபோல் படகு உருவம் பெற்றுவிடும். பிறகு மூட்டுகளின் உட்புறம் கெட்டியான எபாக்சிக் கலவையை வழித்துப் பூசி, மேலே கண்ணாடியிழை நாடாவை ஒட்டிவிட்டால், கம்பிக்கு வேலை முடிந்தது. ஓரங்களுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் கவலையில்லை, கலவை அதை நிரப்பிவிடும்.

1963-இல் பிரிட்டனில் வெளிவந்த மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகுதான் இந்த முறையை ஊரறியச் செய்தது. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் செய்துகாட்டிப் பெயர் பெற்ற பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கியது. டெய்லி மிரர் நாளிதழ் அதை முன்னின்று பரப்பியது. 3.3 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகு இதுவரை 70,000-க்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. அவற்றில் எத்தனையோ படகுகளைக் கட்டியவர்கள் உங்களைப் போன்றவர்களே.

ஆக, தச்சரின் கைத்திறன் செய்துவந்த வேலையை இங்கே பசை செய்கிறது. அதனால் பொறுப்பும் பசையின் பக்கம் போய்விடுகிறது. பலகையை ஒரு மில்லிமீட்டர் கோணலாக அறுத்தவர் தப்பித்துக்கொள்வார். எபாக்சியைக் கண்ணளவில் கலந்தவர் தப்ப மாட்டார்.

வரைபடத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: நீங்களே வடிவமைக்க வேண்டாம். பலர் கட்டி ஓட்டிப் பார்த்த வரைபடத்தை வாங்குங்கள். முதல் படகு 2.4 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்குள் இருக்கட்டும். அணியம் (படகின் முன்முனை) கூராக இல்லாமல் தட்டையாக இருக்கும் வடிவம் இன்னும் எளிது. 1947-இல் கிளார்க் மில்ஸ் என்பவர் ஃப்ளோரிடாவில் குழந்தைகளுக்காக வரைந்த ஆப்டிமிஸ்ட் அப்படிப்பட்டதுதான். எட்டுக்கு நாலு அடி பிளைவுட் இரண்டிலேயே அதை முடித்துவிட்டார். வரைபடம் வந்ததும் தடித்த அட்டையில் பத்தில் ஒரு பங்கு அளவில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். எந்தப் பலகை எங்கே போகிறது, எது எந்தப் பக்கம் வளைகிறது என்பது ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிடும். கட்டப்போகும் அறையின் கதவு அகலத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் முடிந்த படகை வெளியே எடுக்க முடியாமல் நிலைக்கதவைப் பெயர்த்தவர்கள் உண்டு.

இனி பலகை. அலமாரிக்கான பிளைவுட்டிலும் தண்ணீர் தாங்கும் பசை போடுகிறார்களே என்று கேட்பீர்கள். பசை ஒரு பாதிதான். மறுபாதி, கண்ணுக்குத் தெரியாத உள் அடுக்குகள். மலிவான பலகையில் நடு அடுக்குகள் துண்டுதுண்டாகச் சேர்க்கப்பட்டிருக்கும். துண்டுகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். அலமாரியில் அதனால் ஒன்றும் ஆகாது. படகில் அதே பலகையை வளைக்கும்போது வெற்றிடம் உள்ள இடத்தில்தான் ‘டக்’கென்று முறியும். முறியாமல் தப்பினாலும், எங்கேயோ ஒரு கீறல் வழியாக உள்ளே போகும் நீர் அந்தப் பொந்தில் தங்கி, வெளியே பெயின்ட் பளபளக்க உள்ளே மரம் மக்கும். கடல்தர பிளைவுட்டுக்கான பிஎஸ் 1088 என்ற தரம் பசையோடு உள் அடுக்குகளின் தரத்தையும் கட்டுப்படுத்துவது இதற்காகத்தான்.

முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், முத்திரை அச்சடிப்பது கடினமான வேலையல்ல. பலகையின் நான்கு ஓரங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். அடுக்குகளின் கோடு இடையில் அறுந்து கறுப்புப் பொந்து தெரிகிறதா? 6 மில்லிமீட்டர் பலகையில் மூன்று அடுக்கு மட்டும் இருந்து, நடு அடுக்கு தடியாகவும் மேலடுக்குகள் காகிதம்போலவும் இருக்கின்றனவா? இரண்டில் எதுவானாலும் விட்டுவிடுங்கள். ஐந்து அடுக்கு இருந்தால் நல்லது. ஒரு துண்டை வெட்டிச் சில மணி நேரம் கொதிக்க வைத்து, உலர்த்தி, மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்குகள் பிரியாவிட்டால் பசை தேறிவிட்டது. மரத்தைப் பொறுத்தவரை ஒக்கூமே என்ற மரத்தின் பிளைவுட் இலேசானது, நன்றாக வளையும், ஆனால் மக்குவதை எதிர்க்கும் சக்தி அதற்குக் குறைவு. எல்லாப் பக்கமும் எபாக்சியால் மூட வேண்டும். மெராந்தி என்ற மரத்தினது கனமானது. 6 மில்லிமீட்டர் ஒக்கூமே முழுப் பலகை 8 அல்லது 9 கிலோ வரும். உங்கள் அளவுப் படகின் எடையை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

பாலியஸ்டர் ரெசின் ஏன் வேண்டாம்? கண்ணாடியிழையால் மட்டுமே செய்த படகுகளுக்கு அது நல்ல பொருள். மரத்தோடு அதற்கு ஒட்டுறவு குறைவு. இறுகும்போது சுருங்கும், மரமோ ஈரத்துக்கேற்ப ஊதி இறங்கும். இரண்டு பருவத்தில் துணியின் ஓரம் மெல்லத் தூக்கிக்கொள்ளும், அதற்கடியில் நீர் நுழைந்ததும் முழுத் தகடாக உரிந்து வரும். எபாக்சி மரத்தைப் பிடித்துக்கொண்டால் விடாது. மூட்டை உடைத்துப் பார்த்தால் பசைக்கு முன் மரம்தான் கிழியும். இன்னொன்றும் கவனியுங்கள்: வெட்டிய இழைகளை விரித்துச் செய்த பாய் வகைக் கண்ணாடியிழை, பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரையும் பசையால் பிணைக்கப்பட்டிருக்கும். எபாக்சியில் அந்தப் பசை கரையாது, பாய் விறைத்தே நிற்கும். எபாக்சிக்கு நெய்த துணியையே வாங்குங்கள்.

படகின் நீளம் பலகையின் நீளத்தை மிஞ்சினால் இரண்டு பலகைகளை இணைக்க வேண்டியிருக்கும். இரண்டின் ஓரத்தையும் சரிவாக இழைத்து ஒன்றின்மேல் ஒன்று ஒட்டுவதே சிறந்த வழி. சரிவின் நீளம் பலகைத் தடிமனைப்போல் 8 மடங்கு. 6 மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர். கேட்கப் பயமாக இருக்கும், செய்ய எளிது. கீழ்ப் பலகையின் ஓரத்திலிருந்து 48 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மேல் பலகையை வைத்து, இரண்டையும் மேசை விளிம்போடு கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரே சரிவாக இழைத்துக்கொண்டு போங்கள். பிளைவுட்டின் அடுக்குகள் சரிவில் பட்டைபட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகள் நேர்கோடாக, இணையாக ஓடினால் சரிவு சரி. எங்கே ஒரு பட்டை வளைந்து அகலமாகிறதோ அங்கே இழைப்பு பிசகியிருக்கிறது. ஒட்டும்போது மிகப் பலமாக இறுக்க வேண்டாம், பசை முழுக்கப் பிதுங்கி மூட்டு வறண்டுபோகும்.

வரைபடத்தின் புள்ளிகளைப் பலகையில் குறித்து, ஆணிகளை நிறுத்தி, முடிச்சில்லாத நீளமான ரீப்பர் ஒன்றை அவற்றின்மேல் வளைத்துக் கோடு போடுங்கள். ரீப்பர் ஒரு புள்ளியைத் தொட மறுத்தால் ரீப்பரை நம்புங்கள். பெரும்பாலும் புள்ளிதான் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும். இடது வலது பக்கங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சேர்த்தே அறுத்து, சேர்த்தே இழையுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருப்பதுதான் முக்கியம்.

தைப்பதற்கு ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளைகள். செம்புக் கம்பிக்குப் பதிலாக பிளாஸ்டிக் கேபிள் டையும் போடலாம். கம்பிகளை முதலில் தளர்வாகவே முறுக்கி, எல்லாம் கூடியபின் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பகலில் படகு எழுந்து நிற்கும். பார்த்த உற்சாகத்தில் அன்றைக்கே பசையைக் கலந்துவிட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பொறுங்கள். இந்த முறையில் அளவுக்கு மன்னிப்பில்லாத இடம் இது ஒன்றுதான். அணியத்தின் நடுவிலிருந்து பின்பலகையின் நடுவுக்கு ஒரு நூல் கட்டுங்கள். படகின் நடுவில் குறுக்காக நிற்கும் சட்டங்களின் மையக்குறி அந்த நூலுக்கு நேர் கீழே வர வேண்டும். அணியத்திலிருந்து பின்பலகையின் இரண்டு மேல்மூலைகளுக்கும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். பிறகு முன்னும் பின்னும் பக்கப்பலகைகளின் மேல் குறுக்காக தலா ஒரு நேரான சட்டத்தை வைத்து, சற்றுத் தள்ளிக் குனிந்து ஒன்றின் விளிம்பை மற்றதன் விளிம்போடு கண்ணால் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் இணையாக இல்லையென்றால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. இப்போது ஒரு மூலைக்கடியில் மரத்துண்டைச் சொருகினால் சரியாகிவிடும். எபாக்சி இறுகியபின் அந்த முறுக்கை எடுக்க எவராலும் முடியாது. நேராகத் துடுப்பு போட்டாலும் அந்தப் படகு ஒரு பக்கமே இழுக்கும்.

இப்போது எபாக்சி. பாலியஸ்டரைப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அதில் சேர்க்கும் திரவம் வெறும் ஊக்கி. சில துளிகள் கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்சி ரெசினோடு கலக்கும் ஹார்டனர் என்ற இரண்டாவது திரவம் ஊக்கியல்ல, வினையில் பாதிப் பங்கு. ரெசினின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஹார்டனரில் ஜோடி வேண்டும். ஜோடி கிடைக்காதது பிசுபிசுப்பாக அப்படியே நிற்கும், எத்தனை நாள் காத்திருந்தாலும் இறுகாது. எனவே வேகம் வேண்டுமென்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள். வேகமான ஹார்டனர் என்று தனியாக விற்பார்கள், அதை வாங்குங்கள். விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சிலவற்றில் 2-க்கு 1, சிலவற்றில் 3-க்கு 1, சிலவற்றில் 5-க்கு 1. அது கன அளவா எடையா என்பதையும் டப்பாவில் பாருங்கள். இரண்டு திரவங்களின் அடர்த்தியும் வேறு, அதனால் இரண்டும் ஒன்றல்ல. சமையலறைத் தராசு போன்ற சின்ன மின்னணுத் தராசு ஒன்று இந்த வேலைக்கு ஜிக்சாவை விடவும் அவசியம். கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்து வழித்து ஒன்றரை நிமிடமாவது கலக்குங்கள்.

இறுகும்போது எபாக்சி சூட்டைக் கக்கும், அந்தச் சூடே இறுகுவதை இன்னும் துரிதப்படுத்தும். ஆழமான கோப்பையில் அரை லிட்டரைக் கலந்து வைத்துவிட்டுத் திரும்பினால் அது புகைவதைப் பார்க்கலாம். பிளாஸ்டிக் கோப்பை உருகிப்போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடு தப்பித்துப் போகும். அறை வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெயில் நாட்டில் இருப்பவர்கள் மெதுவான ஹார்டனரை வாங்கி மாலையில் பூசுவது நல்லது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. வெப்பம் ஏறும் நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறி, பூச்சில் குமிழி குமிழியாக நிற்கும். வெப்பம் இறங்கும் நேரத்தில் மரம் காற்றை உள்ளிழுக்கும், கூடவே எபாக்சியையும்.

மூட்டில் பூசும் கலவைக்கு எபாக்சியோடு மெல்லிய மரமாவும் கொஞ்சம் சிலிகாத் தூளும் சேர்க்க வேண்டும். குச்சியில் எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தால் வழியக் கூடாது, அதுதான் பதம். மைக்ரோபலூன் என்று விற்கும் நுண்ணிய வெற்றுக்குமிழித் தூள் மேற்பரப்பைச் சமன் செய்யத்தான். எடை குறையும் என்று அதை மூட்டில் போட்டால் பலமும் குறையும். முதலில் மூட்டில் தூள் எதுவும் சேர்க்காத, ஹார்டனர் மட்டும் கலந்த எபாக்சியைத் தடவி மரத்தை நனைத்துவிட்டு, கம்பிகளுக்கு இடைப்பட்ட இடங்களில் மட்டும் கலவையை வைத்து இறுக விடுங்கள். மறுநாள் கம்பிகளை உருவுங்கள். வர மறுக்கும் கம்பியைச் சாலிடரிங் இரும்பால் சூடாக்கினால் சுற்றியுள்ள எபாக்சி இளகி விட்டுவிடும். பிறகு முழு நீளத்துக்கும் கலவையை வைத்து, முனை உருண்டையான குச்சியால் 20 முதல் 25 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரே இழுப்பாக வழியுங்கள். கலவை மென்மையாக இருக்கும்போதே மேலே 75 மில்லிமீட்டர் கண்ணாடியிழை நாடாவை வைத்து நனைத்துவிட்டால், நாள் கணக்கில் உப்புத்தாள் தேய்ப்பது மிச்சம்.

படகைக் கவிழ்த்துப் போட்டு, வெளி மூலைகளை நன்றாக உருட்டி இழைத்தபின், அடிப்புறம் முழுவதும் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியை விரியுங்கள். கூர்மையான மூலையில் துணி படியாது, தூக்கிக்கொண்டு நிற்கும். உலர்ந்த துணியை விரித்துச் சுருக்கம் நீவிவிட்டு, நடுவில் எபாக்சியை ஊற்றி பிளாஸ்டிக் தகட்டால் ஓரங்களை நோக்கித் தள்ளிக்கொண்டே போனால், வெள்ளைத் துணி கண்முன்னே மறைந்து மரத்தின் ரேகை தெளியும். வெண்மையாக நிற்கும் இடத்துக்குப் பசை போதவில்லை. கண்ணாடிபோல் மின்னும் இடத்தில் பசை அதிகமாகித் துணி மிதக்கிறது. நெசவு மெலிதாகத் தெரியும்படி, ஈரமான மங்கலோடு இருப்பதே சரி. நெசவை நிரப்ப அடுத்தடுத்து இரண்டு பூச்சு. முந்தையது நகத்தால் கீறல் விழும் பருவத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் பூசினால் இரண்டும் வேதியியல் ரீதியாக ஒன்றாகிவிடும், இடையில் தேய்க்க வேண்டியதில்லை.

ஒரு நாள் தாண்டிவிட்டால் தேய்க்க வேண்டும், ஆனால் அதற்கு முன் கழுவ வேண்டும். பல எபாக்சிகள் இறுகும்போது மெழுகு போன்ற ஒரு மெல்லிய படலத்தை மேலே விடும். வெறும் நீரில் கரையும். சொரசொரப்பான நாரால் தேய்த்துக் கழுவித் துடைத்தால் போதும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படலம் பரப்பு முழுக்க இழுக்கப்பட்டு, பின்னால் பூசும் பெயின்ட் ஏன் உரிகிறது என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

உடல்நலத்தை நடுவில் வைக்கிறேன், கடைசியில் வைத்தால் யாரும் படிப்பதில்லை. எபாக்சிக்குப் பாலியஸ்டரைப் போல் காட்டமான வாசனை கிடையாது, அதனால் பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறார்கள். தோலில் படப்படப் பல நாள் ஒன்றும் ஆகாமல் இருந்து, ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிடும். வந்தால் வாழ்நாள் முழுவதும் விடாது. மூடி திறந்த எபாக்சி டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாலே முகம் வீங்குபவர்கள் இருக்கிறார்கள். நைட்ரைல் கையுறை, நீளக்கை சட்டை, திறந்த ஜன்னல். கையில் பட்டுவிட்டால் தின்னரோ அசிட்டோனோ ஊற்றிக் கழுவாதீர்கள், அது பசையைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே அனுப்பும். துடைத்துவிட்டுச் சோப்பு போடுங்கள். அரைகுறையாக இறுகிய எபாக்சியைத் தேய்க்கும் தூசு எல்லாவற்றையும் விட மோசம். நல்ல தூசு முகமூடி இல்லாமல் உப்புத்தாளைத் தொட வேண்டாம்.

மேல்விளிம்புச் சட்டம், இருக்கைகள், மூலைத் தாங்கல்கள் எல்லாம் வரைபடம் சொல்கிறபடி ஒட்டிக்கொண்டு போகலாம். இருக்கையின் அடியை மட்டும் திறந்து விடாமல், இறுக மூடித் திறக்கும் ஒரு மூடியோடு நீர் புகாத பெட்டியாக அடையுங்கள். ஒரு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பெட்டி 90 லிட்டர். படகு நீரால் நிரம்பினாலும் ஏறக்குறைய 90 கிலோவைத் தாங்கும். முன்னும் பின்னும் ஒன்றொன்று இருந்தால் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். அதற்காக உயிர்காப்பு அங்கியை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது. துடுப்பு தாங்கிக்கும் கயிற்று வளையத்துக்கும் போடும் ஒவ்வொரு துளையையும் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, எபாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். திருகாணியின் வழியே வரும் நீர் அப்போது எபாக்சியைத்தான் தொடும், மரத்தை அல்ல. சின்ன வேலை என்று பலரும் தாவிவிடுவது இதைத்தான். பழைய படகுகளில் மக்கல் தொடங்கியிருப்பதும் பெரும்பாலும் இந்தத் துளைகளில்தான்.

எபாக்சிக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகி, வெளிறி, பொடியாக உதிரும். மரத்தின் ரேகை தெரிய வேண்டுமென்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷைப் பல பூச்சு பூசி, மங்கும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். பெயின்ட் அடித்துவிட்டால் தொல்லை குறைவு. அடிக்கிற நிறம் வெளிறியதாக இருக்கட்டும். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்சிகள் பலவும் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்குபவை. உச்சி வெயிலில் கருநீலப் பலகையின் மேற்பரப்பு அந்தச் சூட்டை எளிதாக எட்டிவிடும். பெயின்டுக்குள் கண்ணாடியிழையின் நெசவு கோடுகோடாக மேலே தெரிய ஆரம்பித்தால் காரணம் அதுதான்.

முதல் முறை இறக்கும்போது இடுப்பளவு நீரில், காற்றில்லாத நேரத்தில், துணைக்கு ஒருவரோடு வேண்டுமென்றே நீரை நிரப்பிப் பாருங்கள். படகு சமமாக மிதக்கிறதா, இருக்கைப் பெட்டிக்குள் நீர் போகிறதா என்பது தெரிந்துவிடும். வீடு திரும்பியதும் பெட்டிகளின் மூடியைத் திறந்து வையுங்கள். மூடியே வைத்தால் வெயிலில் உள்காற்று விரிந்து ஒட்டு விடும், உள்ளே வேர்த்த ஈரமும் வெளியேறாது. படகைக் கவிழ்த்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகளின்மேல் காற்றோட்டமாக வையுங்கள். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்புநீர் அவ்வளவாக ஒத்துவராது. படகைக் கெடுப்பது, நிமிர்த்தி வைத்த படகுக்குள் மாதக்கணக்கில் தேங்கும் மழைநீர்தான்.